இரண்டாம் நம்பர் பட்டன்

பிற்பகல் மூன்றே முக்கால் மணி. ராத்திரி இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்… பட்டப்பகல். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து கல்குவாரிப் பக்கமாகப் போகிற ஒரு சாலை. இரண்டு பக்கமும் பொட்டல். குவாரி லாரிகள் காலையில் போனால் மாலையில்தான் திரும்பும். நடுவில் ஈ காக்கை கிடையாது. அந்தச் சாலை ஓரத்தில் ஒரு பெரிய கறுப்பு வண்டி நிற்கிறது. இன்ஜின் ஓடுகிறது. ஏசி ஓடுகிறது. நான்கு மூலை விளக்குகளும் விட்டுவிட்டு எரிகின்றன. டிக்… டிக்… டிக்…

கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். அப்புறம் சொல்லவில்லையே என்று குறைபட்டுக்கொள்ளக் கூடாது.

இது யாரோ எங்கோ காற்றுவாக்கில் கேட்டதில்லை. கூட வேலை பார்க்கிற நண்பனின் பெரியப்பா மகளுக்கு நடந்தது. அவன் அவளை அக்கா என்பான். நமக்கும் அக்கா என்றே இருக்கட்டும். அந்த வண்டிக்குள் இருந்தது அக்காவின் அப்பாவும் அம்மாவும். ஓட்டியது அம்மா. பக்கத்து சீட்டை நன்றாகச் சாய்த்துப் போட்டுக்கொண்டு அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் கண் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. டீ குடிக்க நிறுத்தியிருக்கிறாள் என்று நினைத்தாராம். வந்தாச்சா என்று கேட்டாராம். பதில் இல்லை. நின்று நாற்பது நிமிடம் ஆகியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நெஞ்சு வலி வந்திருக்கிறது. அந்த வலியிலும் ஓரம் கட்டி, கியரை மாற்றி, பின்னால் வருகிறவன் இடித்துவிடக் கூடாதென்று விளக்குகளைப் போட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் அம்மா போயிருந்தாள். அவரை மட்டும் எழுப்பவில்லை.

பேய் இனிமேல்தான் வரும். ஆனால் அக்காவைக் கேட்டால், இந்தக் கதையிலேயே பயங்கரமான இடம் இதுதான் என்பாள்.

அப்பாவுக்கு பிளைவுட் கடை. ஆள் ஆறடிக்கு மேல், கடையில் சாத்தி வைத்திருக்கும் பலகை மாதிரி அகலம். டேப்பை எடுக்காமலேயே ஒரு சுவரைப் பார்த்து இத்தனை அடி இத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவார். அளந்து பார்த்தால் நூல் பிசகாது. முப்பது வருடம் மரத்தூளைச் சுவாசித்துச் சம்பாதித்ததில் தனக்கென்று அவர் ஆசைப்பட்டது அந்த ஒரு வண்டிக்குத்தான். ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் இருந்ததோ இரண்டு பேர். சாவியைச் செருக வேண்டாம், உள்ளே இருந்தாலே வண்டி கிளம்பும், பின்பக்கம் காலை நீட்டினால் கதவு திறக்கும், மழை விழுந்தால் வைப்பர் தானே ஓடும், சீட்டு முதுகைப் பிடித்துவிடும். அந்த வண்டிக்காக வாசல் கேட்டை இடித்து அகலப்படுத்தினார். பாதித் தெருக்களுக்குள் அது நுழையாது. எங்காவது விசேஷம் என்றால் அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவார். முகத்தில் மட்டும் பெருமை குறையாது.

அம்மா நாலடி பத்தங்குலம். நானும் ஓட்டுவேன் என்று அவள் சொன்னபோது வீடே சிரித்தது. மூன்றே மாதத்தில் ஓட்டிக் காட்டினாள். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரியும். முதலாளி, வண்டி தானா வருது என்று கடையில் லோடு இறக்குகிறவர்கள் கத்துவார்கள். அவள் அவர்கள் காதருகே கொண்டுபோய் ஹார்ன் அடிப்பாள். நாளாக ஆக, நீண்ட தூரமென்றால் அவள்தான் ஓட்டுவாள், அவர்தான் தூங்குவார்.

ஓட்டுகிறவர் பக்கக் கதவில் பட்டன்கள் இருந்தன. ஒன்றாம் நம்பரை அழுத்தினால் அப்பாவின் அளவு. இரண்டாம் நம்பர் அம்மாவுடையது. ம்ம்ம்ம்… என்று மெல்ல முனகிக்கொண்டு சீட்டு முன்னால் வரும். மேலே ஏறும். ஸ்டியரிங் இறங்கும். வெளிக்கண்ணாடிகள் இரண்டும் தலை குனியும். எல்லாம் சேர்ந்து பதினோரு வினாடி.

அம்மா போன பிறகு அக்கா வெளியூர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டாள். அவள் பிசியோதெரபிஸ்ட், எங்கே போனாலும் பிடித்துவிட நாலு முதுகு கிடைக்கும். வந்த முதல் வாரத்திலேயே அதைப் பார்த்தாள். காலையில் அப்பா ஷெட்டுக்குப் போவார். ஓட்டுகிற பக்கத்தில் ஏற மாட்டார். பக்கத்து சீட்டில், சாய்க்காமல், நிமிர்ந்து உட்காருவார். எட்டிக் கையை நீட்டி இரண்டாம் நம்பரை அழுத்துவார். ம்ம்ம்ம்… காலி சீட்டு முன்னால் வரும், மேலே ஏறும், நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு ஒன்றை அழுத்திவிட்டு, மாறி உட்கார்ந்து, கடைக்குப் போவார். தினமும் இதேதான். அக்கா பார்த்தும் பாராத மாதிரி இருந்தாள். அழுவதற்கு ஆளுக்கு ஒரு இடம் வேண்டும், அவருக்கு அது அங்கே என்று விட்டுவிட்டாள்.

பேட்டரி பழசாகிவிட்டது. மாற்றச் சொல்லி வண்டி தினமும் திரையில் எழுதிக் காட்டியது. அப்பா மாற்றவில்லை. வேலை இல்லாத நாளிலும் அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். பாவம், அவரிடம் சர்வீஸ்காரர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார்: அந்த மாடலில் பேட்டரியைக் கழற்றினால் சீட்டு அளவுகள் அழிந்துபோகும். அதை மகளிடம் சொல்ல அப்பாவுக்கு வெட்கம். இவ்வளவு பெரிய ஆள், ஒரு பட்டனுக்காக என்று எப்படிச் சொல்வார்?

வண்டியை வீட்டில் விட்டுவிட்டு அவர் மர டிப்போவுக்கு இரண்டு நாள் வெளியூர் போனார். இன்ஜின் ஓடாததில் பேட்டரி செத்துவிட்டது. வண்டி கிளம்பவில்லை என்று மகள் போன் செய்திருந்தால் பேட்டரியைத் தொடாதே என்று சொல்லியிருப்பார். அவள் போன் செய்யவில்லை. அப்பா வந்தால் சந்தோஷப்படட்டும் என்று ஆளைக் கூப்பிட்டுப் புது பேட்டரி போட வைத்தாள். வண்டியைக் கழுவியும் வைத்தாள்.

மறுநாள் காலை அப்பா எட்டி இரண்டை அழுத்தினார். டிங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார். டிங். சீட்டு அசையவில்லை. ஷெட் வாசலில் நின்றிருந்த அக்கா, பேட்டரி மாற்றியாச்சு அப்பா என்று பெருமையாகச் சொன்னாள். அவர் திரும்பிப் பார்த்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் திட்டவில்லை. "பரவால்ல பாப்பா, உனக்கு எப்படித் தெரியும்" என்றார். ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்று இன்றும் சொல்கிறாள்.

அன்றைக்கு அவர் கடைக்குப் போகவில்லை. டேப்பும் தச்சர் பென்சிலும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தார். சீட்டை நகர்த்துவார், அளப்பார், தலையை ஆட்டுவார், திரும்ப நகர்த்துவார். அம்மாவுக்கு ரவிக்கை தைத்தவரிடம் போய் அவருடைய பழைய நோட்டை வாங்கி வந்தார். தோள் இருந்தது. கை நீளம் இருந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"இந்த ஊர்ல யார் வீட்டு அலமாரி கேட்டாலும் எனக்கு அளவு தெரியும் பாப்பா. முப்பத்தோரு வருசம் கூட இருந்தவ… அவ கால் எவ்வளவு நீளம்னு தெரியல."

அக்கா உள்ளே ஏறி உட்கார்ந்தாள். உயரத்தை வைத்து முழங்கால் எங்கே வரும், குதிகால் எங்கே படும் என்று தனக்குத் தெரிந்த படிப்பையெல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தாள். இருவருமாகச் சேர்ந்து ஒரு அளவுக்கு வந்து, அதை இரண்டாம் நம்பரில் பதிந்தார்கள். சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்தில் அப்பா பென்சிலால் கோடு போட்டார். அது அம்மா உட்கார்ந்த இடம் இல்லை என்று இருவருக்குமே தெரியும். இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இங்கேதான் ஆரம்பிக்கிறது…

மறுநாள் காலை சீட்டு கோட்டைத் தாண்டி இருந்தது. ஒரு விரற்கடை முன்னால். மகள் என்று அப்பா நினைத்தார். அப்பா என்று மகள் நினைத்தாள். அன்றிரவு அக்கா ஷெட்டைப் பூட்டி, ஷெட் சாவியும் கார் சாவியும் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். காலையில் போய்ப் பார்த்தால் சீட்டு இன்னும் அரை விரல் முன்னால். கொஞ்சம் மேலே. ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் லேசாகக் குனிந்திருந்தது. கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. ஆரஞ்சுத் தோல்… அப்போதுதான் உரித்த மாதிரி, கண்ணைக் கரிக்கிற வாசனை. நீண்ட பயணத்தில் அப்பாவுக்குக் குமட்டாமல் இருக்க அம்மா ஆரஞ்சு உரித்துத் தோலைக் கதவுப் பையில் போட்டு வைப்பாள். வீட்டில் ஆரஞ்சு வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது.

நாலாம் நாள் காலை அப்பாவும் மகளும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஷெட் பூட்டியிருந்தது. ம்ம்ம்ம்… என்று சத்தம் கேட்டது. மெதுவாக. நின்றது. மறுபடி, ஒரு நொடி மட்டும், ம்ம். கண்ணாடி முன் நின்று தலைமுடியைச் சரிசெய்கிறவர் கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு வருடமாக இல்லாத சிரிப்பு வந்தது.

"நாம வெச்ச அளவு தப்பு. சரி பண்ணிக்கிறா."

ஆறாம் நாளோடு நகர்வது நின்றது. அப்பா போய் அளந்தார். எண்களைச் சுவரில் எழுதினார். இரண்டாம் நம்பரில் பதிந்துவிட்டு சீட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அழுதார். அக்காவும் அழுதாள். பயமாக இல்லையா என்று நண்பன் அவளைக் கேட்டிருக்கிறான். அம்மாடா, எதுக்குப் பயம் என்றாளாம். இதோடு முடிந்திருந்தால் நாம் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

ஏழாம் நாள் பக்கத்து சீட்டு நகர்ந்திருந்தது.

அந்த சீட்டுக்கு எந்த நம்பரும் கிடையாது. அது கொஞ்சம் பின்னால் போயிருந்தது. முதுகு கொஞ்சம் சாய்ந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அக்கா குனிந்து, அப்பா தூங்கும்போது சீட்டு பின்னால் போய் நிற்கிற இடத்தைக் கணக்குப் பார்த்து, தண்டவாளத்தில் தானே ஒரு கோடு போட்டாள். அதற்கு இன்னும் நாலு விரல் இருந்தது.

அப்பா கடைச் சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று மகளைக் கூட்டிப்போய்க் காட்டினார். நல்ல சட்டையாக இரண்டைத் தேய்க்கக் கொடுத்தார். ரயிலுக்குக் கிளம்புகிறவர் மாதிரி ஒவ்வொரு காரியமாக, பதற்றமில்லாமல் முடித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு குறைந்தது. முகம் மட்டும் தெளிந்துகொண்டே வந்தது. என்னப்பா இதெல்லாம் என்று கேட்டதற்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு எழுப்பாம போயிட்டா. இப்போ இடம் போட்டுக் கூப்பிடுறா. தூங்கிட்டேனேன்னு எனக்கு இருக்குற வேதனை அவளுக்குத் தெரியும் பாப்பா."

அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது, தனக்கு மட்டும் இல்லை. அம்மா போனபோது அவள் பக்கத்தில் இல்லை, பிணத்தைத்தான் பார்த்தாள். இப்போது கண்ணெதிரே அப்பா ஒவ்வொரு விரலாகப் போய்க்கொண்டிருக்கிறார், யாரிடம் போய்ச் சொல்வது? டாக்டரிடமா? மெக்கானிக்கிடமா?

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து அப்பா கண்ணயர்ந்திருந்தார். அக்கா ஷெட்டுக்குள் போய்க் குனிந்து பார்த்தாள். கோட்டுக்கு ஒரு விரல்தான் பாக்கி. வண்டியில் ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தகரக் கூரை வெயிலில் படக் படக் என்று விரிந்தது. உள்ளே தோல் சீட்டின் சூடு. முன்னால் சின்னதாக, நிமிர்ந்து, அம்மாவின் சீட்டு.

"அம்மா, நான்தான்" என்றாள். "நீ இங்க இருக்கறது எனக்குச் சந்தோஷம்தாம்மா. சத்தியமா. ஆனா அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடாத. அவருக்குச் சம்மதம்தான், எனக்குத் தெரியும். எனக்குச் சம்மதம் இல்ல. எனக்கு வேற யாரும்மா இருக்கா?"

ஒன்றும் நடக்கவில்லை… கூரை மட்டும் படக் என்றது.

பிறகு ஆரஞ்சு வாசனை வந்தது. ரொம்பப் பக்கத்தில்.

ம்ம்… பக்கத்து சீட்டின் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. நின்றது. அரை நிமிடம் அப்படியே இருந்தது. ம்ம்ம்… இன்னொரு அங்குலம். மறுபடி நின்றது. மனசில்லாமல் செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் நோயாளிகள் தினமும் அப்படித்தான் கையைத் தூக்குகிறார்கள். பதினோரு வினாடியில் முடிகிற வேலைக்குக் கால் மணி நேரம் ஆனது. பக்கத்து சீட்டு நேராக நிமிர்ந்து நின்றது. அப்புறம் அம்மாவின் சீட்டு… மெல்லத் தாழ்ந்தது. பின்னால் வந்தது. அவள் முழங்காலில் முட்டுகிற வரை வந்தது. குனிந்திருந்த கண்ணாடிகள் நிமிர்ந்தன. யாரும் எந்தப் பட்டனையும் தொடவில்லை. அப்பாவின் அளவுக்கு எல்லாம் வந்து நின்றபோது வாசனை போய்விட்டது.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அக்கா அந்த சீட்டைக் கட்டிக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். முதல் தடவை தெரியாமல் அம்மாவை அழித்தாள். இந்தத் தடவை தெரிந்தே போகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அப்பா வண்டியைப் பார்த்தார். நீ ஏதாவது சொன்னாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். இரண்டை அழுத்திப் பார்க்கக்கூட இல்லை. ஒரு வாரம் போனதும், வித்துடலாம் என்று அவரே சொன்னார்.

வாங்கியவர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். மனைவி, மூன்று பிள்ளைகள், கலகலப்பான குடும்பம். பிள்ளைகள் ஏறியதும் எல்லாப் பட்டன்களையும் அமுக்கித் தீர்த்துவிட்டார்கள். இன்னொரு சாவி எங்கே என்று அவர் கேட்டார். இல்லை என்று அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துவிடப் போய்விட்டார். சரி, புதிதாகச் செய்துகொள்கிறேன் என்று பண்ணைக்காரரும் விட்டுவிட்டார். வண்டி தெருமுனையில் திரும்புகிற வரை அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இரவு ஒழுங்காகச் சாப்பிட்டார். கடைக்குப் போக ஆரம்பித்தார். அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவந்தாள்.

ஒரு மாதம் இருக்கும். சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். பண்ணைக்காரரிடமிருந்து போன். நல்ல மனுஷன், முதலில் வண்டியைப் புகழ்ந்தார். ஓட்டம் வெண்ணெய் மாதிரி இருக்கிறதாம். பிள்ளைகள் இறங்கவே மாட்டேன் என்கிறார்களாம். ஒரே ஒரு தொந்தரவுதான்… தினமும் வீட்டுக்கு வந்து எல்லோரும் இறங்கிய பிறகு பூட்டினால், பூட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறது. மூன்று முறை கத்துகிறது. சாவி உள்ளே இருக்கிறது என்று திரையில் காட்டுகிறது. அவர் சாவி அவர் கையில்தான் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் சீட்டையெல்லாம் கழற்றித் தேடிவிட்டார்களாம், எதுவும் கிடைக்கவில்லையாம். அந்த இரண்டாவது சாவி எங்கே விழுந்தது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டாள்.

"விழல பாப்பா. அன்னைக்கு அம்மா கைக்குள்ள இருந்துச்சு. இறுக்கிப் புடிச்சிருந்தா. எவ்வளவோ பார்த்தேன், விரலைப் பிரிக்க முடியல. அப்புறம் எனக்கும் மனசு வரல… அப்படியே அனுப்பிட்டேன். அவளோடயே போயிடுச்சு." நிமிர்ந்து பார்த்தார். "ஏன் கேக்கறாங்க?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"வண்டிக்குள்ள இருக்குன்னு காட்டுதாம்ப்பா. எல்லாரும் இறங்கினப்புறம்."

அப்பா எழுந்து வந்தார். போனுக்குள் அந்த வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பாருங்கள் இப்பவும் என்று பண்ணைக்காரர் சொல்வதற்குள், தூரத்தில் டீட்… டீட்… டீட்… என்று மூன்று முறை கேட்டது. அப்பா மகளின் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினார்.

"பூட்டாதீங்க தம்பி" என்றார். "ராத்திரி மட்டும்… பூட்டாம விட்டுடுங்க."